சேலத்தில் கட்டுப்படியான வாடகைக்கு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வாடகை ஒப்பந்தப் பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை எனக்கு. பதினாறு வருடமாக இதே மேசை. ஆஸ்பத்திரி வேலை, காலேஜ் வேலை, ரயில்வே வேலை, வெள்ளிப் பட்டறை வேலை என்று ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் என் முன்னால் உட்கார்ந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். அதுதான் எனக்கு மனக்கஷ்டம். பணம் கை மாறுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"மாசம் இருபத்தஞ்சாயிரம் சம்பளம். எவ்வளவு வாடகைக்குள்ள வீடு பாக்கலாம்ங்க?"

டு-லெட் போர்டில் சொல்லும் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாடகை, கரண்ட், தண்ணீர், வேலைக்குப் போய்வரும் செலவு, அப்பார்ட்மெண்ட் என்றால் மெயின்டனன்ஸ், இவ்வளவையும் கூட்டி வருவதுதான் உண்மையான வாடகை. அந்தக் கூட்டுத்தொகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நின்றால் மூச்சு விடலாம்.

உதாரணத்துக்கு, கருப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கொண்டலாம்பட்டியில் 6,000 ரூபாய்க்கு வீடு எடுக்கிறார் என்று வையுங்கள். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்வர பெட்ரோல் 1,800, கரண்ட் 600, கேன் தண்ணீர் 400. ஆக 8,800. அதே ஆள் சூரமங்கலம் பக்கம் 7,500 ரூபாய்க்கு எடுத்தால், பெட்ரோல் 500, கரண்ட் 500, நல்ல தண்ணீர் குழாயிலேயே வருவதால் கேன் செலவு 100. ஆக 8,600. 1,500 ரூபாய் கூடுதலாகத் தெரிந்த வீடுதான் கடைசியில் மலிவு. தினமும் ஒரு மணி நேரமாவது மிச்சம்.

"சேலம் எனக்குப் புதுசுங்க. எந்தப் பக்கம் வாடகை கம்மி?"

பேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி, அழகாபுரம் பக்கம் எப்போதும் விலை கூடுதல். பெரிய ஆஸ்பத்திரிகள், ஆபீஸ்கள், கடைகள் எல்லாம் அங்கே. ஐந்து ரோடு, மெய்யனூர் பக்கம் புதிய பேருந்து நிலையம் இருப்பதால் வாராவாரம் வெளியூர் போகிறவர்களுக்கு வசதி. 2020-ல் ஐந்து ரோட்டில் இரண்டடுக்கு மேம்பாலம் திறந்த பிறகு நெரிசல் ஓரளவு குறைந்தது. ஆனால் பாலத்தை ஒட்டிய வீடுகளில் இரவிலும் வண்டிச் சத்தம் உண்டு.

குறைந்த வாடகை தேடுகிறவர்களை நான் முதலில் அனுப்புவது பழைய ஊர்ப் பக்கம்தான்: அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, தாதகாப்பட்டி, நெத்திமேடு, அன்னதானப்பட்டி. லைன் வீடுகளும் மாடிப் போர்ஷன்களும் இங்கே நிறைய. பழைய பேருந்து நிலையமும் அரசு ஆஸ்பத்திரியும் கடைவீதியும் கிட்டத்தில். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதிகளில் பலவற்றிலும் கொண்டலாம்பட்டியிலும் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக நாளாகும். கைக்குழந்தை இருந்தால் கட்டாயம் யோசியுங்கள். செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறைகள். பக்கத்து வீட்டிலேயே உருக்கும் வேலை நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் வேலை, இரும்பாலை வேலை என்றால் சூரமங்கலம், ஜாகீர் அம்மாபாளையம். பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி என்றால் கருப்பூர், மாமாங்கம். காற்றோட்டமும் அமைதியும் வேண்டுமென்றால் அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு, கன்னங்குறிச்சி. மலையைப் பார்த்தபடி இருக்கலாம், மூக்கனேரிப் பக்கம் மாலையில் நடக்கலாம். இன்னும் குறைய வேண்டுமென்றால் அயோத்தியாப்பட்டணம், உடையாப்பட்டி, வீராணம். வீட்டில் வேலைக்குப் போவது பெண்கள் என்றால் இந்தத் தூரம் அவ்வளவு பாரமில்லை. 2021 மே முதல் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முதல் கேள்வியில் போட்ட கணக்கில் போக்குவரத்துச் செலவு அப்படியே மிச்சமாகும்.

"ஆன்லைன்ல தேடறதா, புரோக்கர் கிட்ட போறதா?"

முதலில் காலால் தேடுங்கள். குறைந்த வாடகை வீடுகள் பெரும்பாலும் ஆன்லைனுக்கு வருவதே இல்லை. வீடு காலியாகிறது என்ற செய்தி தெரு முனை மளிகைக் கடைக்கும், இஸ்திரி வண்டிக்காரருக்கும், பால் ஊற்றுகிறவருக்கும்தான் முதலில் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்த ஏரியாவில் இரண்டு மணி நேரம் நடந்து, நாலு பேரிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டால் வீட்டுக்காரரின் குணம் கூடத் தெரிந்துவிடும்.

புரோக்கர் வழக்கமாக ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார். பேசினால் குறைப்பவர்களும் உண்டு. எவ்வளவு என்பதை வீடு பார்க்கும் முன்னாலேயே பேசிவிடுங்கள். பத்திரம் கையெழுத்தான பிறகு கொடுங்கள். வீடு காட்டவே தனியாகப் பணம் கேட்கிறவரிடம் போக வேண்டாம்.

"ஆடி மாசம் வீடு மாறக்கூடாதுன்னு எங்கம்மா சொல்றாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சே ஆகணுமா?"

அம்மா சொல்வது நம் வழக்கம். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். புரட்டாசியையும் சிலர் தவிர்ப்பார்கள். சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை வேறு. ஊரே அதில் இருக்கும். ஆனால் மாறுவதுதான் கூடாது, தேடுவதற்குத் தடை இல்லையே. ஆடியில் காலியாக நிற்கும் வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகை போகிறது. அந்த நேரத்தில் பேசி, சின்னத் தொகை டோக்கன் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடிபோகலாம். வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. மே, ஜூன் பள்ளி திறக்கும் நேரத்தில் அதே வீட்டுக்கு நாலு பேர் நிற்பார்கள்.

"வீடு பாக்கப் போனா என்னென்ன கவனிக்கணும்?"

முதலில் தண்ணீர். சேலத்துக்கு நல்ல தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. பல தெருக்களில் தினமும் வருவதில்லை. எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும், எத்தனை மணி நேரம் வரும், அதைப் பிடித்து வைக்க உங்கள் போர்ஷனுக்குத் தனித் தொட்டி உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டதை அங்கே குடியிருக்கும் பெண்களிடமும் ஒருமுறை கேளுங்கள். சரியான பதில் அங்கேதான் கிடைக்கும். போர் தண்ணீர் உப்பா என்று பார்க்க பாத்ரூம் குழாயையும் தரை ஓரத்தையும் பாருங்கள். வெள்ளை படிந்திருந்தால் உப்பு. சித்திரை வைகாசியில் போர் வற்றினால் லாரித் தண்ணீர்ச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்தது மழைத் தண்ணீர். பச்சப்பட்டி, நாராயண நகர், கிச்சிப்பாளையம், சிவதாபுரம் போன்ற இடங்களில் தாழ்வான தெருக்கள் உண்டு. ஒரு பெரிய மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடும். ஓடை, ஏரி வாய்க்கால், திருமணிமுத்தாறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நடந்து பாருங்கள். வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை, புதுப் பெயிண்ட் அடித்தும் கீழ்ப்பகுதி மட்டும் உப்பியிருப்பது, வாசற்படி புதிதாக உயர்த்திக் கட்டியிருப்பது இவையெல்லாம் அடையாளம். ஒரே நாளில் இரண்டு முறை போய்ப் பாருங்கள். மதியம் ஒருமுறை, வெயில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க. இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை, தறிச் சத்தமும் தெரு விளக்கும் எப்படி என்று பார்க்க.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். ஜன்னல் தாழ்ப்பாள், கழிவறைக் கதவு, வண்டி நிறுத்த இடம், கேட் பூட்டும் நேரம். ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

"கீழ் வீடா, மாடி வீடா?"

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு ஏப்ரல், மே மாதங்களில் நடுராத்திரி வரை கொதிக்கும். மேலே வெறும் அட்டை போட்ட வீடு இன்னும் மோசம். வாடகை நன்றாகக் குறைந்தால் மட்டும் எடுங்கள். வயதானவர்கள் இருந்தால் கீழ் வீடுதான், ஆனால் மேலே சொன்ன மழைக்கறையைப் பார்த்துவிட்டு.

"ஓனர் கரண்டுக்கு யூனிட் 9 ரூபாய் கேக்கறாரு. 100 யூனிட் ஃப்ரீ நமக்குக் கிடையாதா?"

உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் உண்டு. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இணைப்பு யார் பேரில் இருந்தாலும் பயன்படுத்தும் உங்களுக்குத்தான் அந்தப் பலன் வர வேண்டும். பில்லை நீங்களே ஈ.பி. நம்பரைப் போட்டு ஆன்லைனில் கட்டிவிடலாம். வீட்டுக்காரர் கையில் பணமாகக் கொடுக்கத் தேவையே இல்லை. அதனால் வீடு பார்க்கும்போதே 'தனி மீட்டரா, சப் மீட்டரா' என்று கேளுங்கள்.

சிக்கல் வருவது சப் மீட்டரில். ஒரே இணைப்பை இரண்டு மூன்று குடும்பம் பங்கு போடும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும், எனவே எல்லோருக்கும் சேர்த்து பில் பெரிதாகும். இதற்கு நியாயமான வழி உண்மையான பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பதுதான். சமீபத்தில் ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மொத்தம் 480 யூனிட், பில் 1,680 ரூபாய். இவர்கள் ஓட்டியது 180 யூனிட். விகிதப்படி 630 ரூபாய். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் 1,620! கிட்டத்தட்ட வீட்டுக்காரரின் முழு பில்லையும் இவர்களே கட்டுகிறார்கள். அந்தத் தாளைக் காட்டிப் பேசியதில் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அவரும் இப்படி உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லையாம். சண்டை போடாமல் தாளைக் காட்டுங்கள், பல இடங்களில் வேலை செய்யும்.

"பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க. சட்டப்படி மூணு மாசம்தானே?"

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் 'இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர' என்ற வாசகமும் கூடவே இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிய பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எனவே பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்.

பேசும்போது இப்படிக் கேளுங்கள்: "ஐந்து மாதம் தருகிறேன், வாடகையை மாதம் ஐந்தாம் தேதிக்குள் வங்கியில் போட்டுவிடுகிறேன்." வீட்டுக்காரர் பெரிய அட்வான்ஸ் கேட்பது பெரும்பாலும் பயத்தால்தான். வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடிவிடுவார்களோ, சுவரைக் கெடுத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கினால் தொகை குறையும். கொடுப்பது எதுவானாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். கையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தொகை, தேதி, எதற்காக என்று எழுதிய ரசீது வாங்குங்கள்.

"எதுக்குங்க எல்லாரும் 11 மாசம்னே போடறாங்க?"

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க வந்த பழக்கம்தான் 11 மாதம். இப்போது அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. மேலே சொன்ன 2017 சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் (இதற்கென்றே அரசு நியமித்த அதிகாரி) பதிவாகவும் வேண்டும். அரசின் வாடகைதாரர் இணையதளத்தில் பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். வீட்டுக்காரர் வர மறுத்தால் வாடகைதாரர் தனியாகவும் விண்ணப்பிக்கலாம். தள்ளிப் போடாதீர்கள்.

"பத்திரமெல்லாம் வேண்டாம், வாய்வார்த்தை போதும்ங்கறாரு. நல்ல மனுஷராத்தான் தெரியறாரு."

நல்ல மனிதராகவே இருக்கட்டும். நாளைக்கு வீடு அவர் மகன் கைக்குப் போகலாம், விற்றும் போகலாம். புதிதாக வருகிறவருக்கு உங்கள் வாய்வார்த்தை தெரியாது. இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் இல்லாததே வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். பத்திரம் இல்லாததால் முதலில் அடிபடுவது நீங்கள்தான். 'எனக்கு கேஸ் கனெக்‌ஷன் மாற்ற, ஆதாரில் விலாசம் மாற்றத் தேவைப்படுகிறது அண்ணா' என்று மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

"பத்திரத்துல கட்டாயம் என்னென்ன இருக்கணும்?"

வாடகை, அட்வான்ஸ், தேதி எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது வேறு. கரண்ட் பில் எப்படிப் பிரிப்பது. தண்ணீர், மெயின்டனன்ஸ் வாடகையில் அடக்கமா, தனியா. அடுத்த வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்பதை எண்ணில். காலி செய்ய இரண்டு பக்கமும் எத்தனை மாத முன்னறிவிப்பு. காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் மீதி அட்வான்ஸைத் தருவார்கள். இந்தக் கடைசி வரி இல்லாமல் யார் வந்தாலும் நான் ஒருமுறை நினைவுபடுத்திவிட்டுத்தான் டைப் அடிக்கிறேன்.

ஃபேன், டியூப்லைட், கீசர், சாவி எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குடிபோகும் அன்றே, சாமான் இறக்கும் முன்னால், வீடு முழுவதையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

"பேச்சலர்னாலே கதவைச் சாத்திடறாங்க. என்ன பண்றது?"

குடும்பங்கள் நெருங்கி இருக்கும் லைன் வீட்டில் கேட்டால் கிடைப்பது கஷ்டம். கருப்பூர், சூரமங்கலம், மெய்யனூர் பக்கம் பேச்சலருக்கென்றே மாடிப் போர்ஷன் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டையையும் அப்பா அம்மாவின் போன் நம்பரையும் நீங்களாகவே கொடுங்கள். இன்னொன்று, எத்தனை பேர் தங்கப் போகிறீர்கள் என்பதில் பொய் வேண்டாம். இரண்டு பேர் என்று சொல்லி ஐந்து பேர் தங்கினால் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். அடுத்து வரும் பையன்களுக்கும் அந்தக் கதவு மூடிவிடும்.

"தனியா இருக்கற பொண்ணுங்க நான். ரெண்டு வாரமா தேடறேன், எல்லாரும் 'கூட யாரு வருவாங்க'ன்னுதான் கேக்கறாங்க."

இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு பெண்ணும் களைத்துப் போய்த்தான் என் கடைக்கு வருகிறார். தவறு உங்களிடம் இல்லை. வீடு கிடைக்கும்வரை தங்க அரசின் தோழி விடுதி சேலத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்காக நடத்துவது. ஆன்லைனில் இடம் பார்த்துப் பதிவு செய்யலாம். அங்கே சேர்ந்து, கூடத் தங்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தவர்கள் உண்டு. வாடகையும் பங்காகிவிடும்.

வீட்டுக்காரரும் அவர் குடும்பமும் அதே கட்டடத்தில் இருக்கும் மாடி வீடுகளை முதலில் பாருங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குள் நினைத்த நேரத்தில் அவர் வர முடியாது. 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது சட்டம். அவர் மாற்றுச் சாவி வேண்டுமென்று கேட்டால், உள்தாழ்ப்பாளைப் புதிதாக நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"எடுத்தவுடனே 'நீங்க எந்த ஆளுங்க'ன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றதுங்க?"

இது தவறான கேள்வி. இந்த ஊரில் இன்னும் கேட்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். பதில் சொல்லியே ஆக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 'ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம், மூன்று பேர் குடும்பம், வாடகை மாதம் பிறந்ததும் வந்துவிடும்' என்று பேச்சை வேலைக்கும் வாடகைக்கும் கொண்டு வாருங்கள். அதற்கு மேலும் கிளறினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வாசலிலேயே இப்படிப் பார்க்கிறவர்கள் கூட ஒரே கூரையின் கீழ் நிம்மதியாக இருக்க முடியாது. பெரிய அப்பார்ட்மெண்டிலும், வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும் வீடுகளிலும் இந்தத் தொல்லை குறைவு.

"அஞ்சு லட்சம் போக்கியத்துக்கு வீடு வருது. வாடகையே வேண்டாமாம். எடுக்கலாமா?"

ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் தொகையை அப்படியே திரும்ப வாங்குவதுதான் போக்கியம். ஒத்தி என்றும் லீஸ் என்றும் சொல்வார்கள். கணக்கில் பார்த்தால் லாபம்தான். ஆனால் வீட்டுக்காரர் இவ்வளவு பணத்தை ஏன் கேட்கிறார் என்று யோசியுங்கள். பலர் ஏற்கெனவே ஒரு கடனை அடைக்கத்தான் வாங்குகிறார்கள். உங்களுக்குத் திருப்பித் தர அடுத்த போக்கியக்காரர் வர வேண்டும்.

எடுப்பதானால் மூன்று வேலை. முதலில் வில்லங்கச் சான்றிதழை பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் பாருங்கள். கட்டணமில்லாமல் பார்க்கலாம். வங்கி அடமானம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வீடு வேண்டாம். கடன் கட்டாமல் போனால் வங்கி வீட்டை ஏலம் விடும், உங்கள் ஐந்து லட்சத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது, வீடு அவர் பேரிலேயே இருக்கிறதா, அண்ணன் தம்பி பங்கு பாக்கி இருக்கிறதா என்று மூலப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மூன்றாவது, போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இது போன்ற அடமானம் பதிவாக வேண்டும் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டம். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மகள் கல்யாணப் பணத்தைக் கொடுத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். டைப் அடித்துக் கொடுப்பவன் நான், அந்தப் பணத்தை மீட்டுத் தர என்னால் முடியவில்லை.

"ஆன்லைன்ல பேர்லேண்ட்ஸ்ல டபுள் பெட்ரூம் ஏழாயிரம்னு இருக்கு. ஓனர் ராணுவத்துல இருக்காராம், முன்பணம் போட்டா சாவி அனுப்பறாராம்."

ஏமாற்று வேலை. பணம் போடாதீர்கள். ராணுவ அடையாள அட்டைப் படம் அனுப்புவார்கள், நம்பாதீர்கள். 'ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபாருங்கள்' என்று கியூ.ஆர். கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்து ரகசிய 'பின்' நம்பர் போட வேண்டியதில்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

"ஏற்காட்டுல வீடு எடுத்து சேலத்துக்கு வேலைக்கு வர முடியுமா?"

குளிரை நினைத்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு, போக வர ஒவ்வொரு முறையும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதை அடைபடும். அங்கே நல்ல வீடுகளில் பல, தினசரி வாடகைக்கு சுற்றுலா வருகிறவர்களுக்குப் போய்விடுகின்றன. மாத வாடகைக்குக் கிடைப்பதில் சுவர் ஈரம் ஊறுகிறதா என்று பாருங்கள். ஏற்காட்டிலேயே வேலை இருந்தால் எடுங்கள். சேலத்தில் வேலை என்றால் கன்னங்குறிச்சி, அடிவாரம் வரை போதும்.

"ஆபீஸ்ல எச்.ஆர்.ஏ.க்கு ஓனர் பான் நம்பர் கேக்கறாங்க. அவர் தர மாட்டேங்கறாரு."

எச்.ஆர்.ஏ. என்பது சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி. அதற்கு வரிச் சலுகை கேட்கும்போது, வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் வீட்டுக்காரரின் பான் கேட்பார்கள். அதாவது மாதம் 8,333 ரூபாய்க்கு மேல். உங்கள் வாடகை அதற்குள் என்றால் ரசீது போதும். மேலே என்றால் குடிபோகும் முன்னாலேயே பேசி, பான் நம்பரைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

"காலி பண்ணச் சொல்லி தண்ணி மோட்டாரை நிறுத்திட்டாரு. போலீசுக்குப் போகணுமா?"

தண்ணீர், கரண்ட் போன்ற அடிப்படை வசதிகளை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை, தகராறு எதுவாக இருந்தாலும். வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். முதலில் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். மனுவோடு ஒப்பந்தமும் வாடகை கட்டிய வங்கிப் பதிவும் இருக்க வேண்டும். மேலே வங்கி வழியாகக் கொடுங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான். மிரட்டல், கைகலப்பு என்றால் மட்டும் போலீஸ்.

கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் அதுவே உங்களைக் காலி செய்யச் சொல்லக் காரணம் ஆகிவிடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி அங்கே உண்டு.

"வீட்டைக் காலி பண்ணி ரெண்டு மாசமாச்சு. அட்வான்ஸ் இன்னும் தரல. 'அடுத்த ஆள் வந்ததும் தரேன்'ங்கறாரு."

அடுத்த ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமில்லை. காலி செய்து ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். பாக்கி என்றால் கட்டாத கரண்ட் பில், உடைந்த கதவு மாதிரி. வருடக்கணக்கில் குடியிருந்ததால் சுவர் நிறம் மங்கியது உங்கள் குற்றம் ஆகாது. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம், பத்திரத்தில் எழுதியிருந்தால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் கேட்டால் பெயிண்டர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நாலு வருடம் இருந்தோம். காலி செய்தபோது சாவியைக் கொடுத்துவிட்டு, பணத்தை அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். ரசீது இல்லை, கையில் கொடுத்த அட்வான்ஸ். எட்டு மாதம் நடந்தும் பாதிதான் வந்தது. மகள் பிறந்த சமயம், அந்தப் பணத்துக்கு ஒரு கம்மலை அடகு வைத்தோம். சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாற வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: காலி செய்த தேதி, கொடுத்த அட்வான்ஸ், வர வேண்டிய தொகை மூன்றையும் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அதே கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பலர் தபால் கைக்கு வந்ததும் கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள். கெடு தாண்டினால் அந்த ஒப்புகை, பத்திரம், குடிபோன அன்று எடுத்த வீடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாடகை அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள்.